சர்க்கரை தின்னாமலே சர்க்கரை ஏறுவது ஏன்?



"சீனியைத் தொட்டு ஆறு மாசமாச்சுங்க. ராத்திரி சாப்பாட்டையும் விட்டுட்டேன். அப்படியும் காலையில வெறும் வயித்துல பார்த்தா சர்க்கரை ஏறியிருக்கே, எப்படிங்க?" என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. இதற்கு விடை காண உதவியவை ஆய்வுக்கூடத்து நாயும் எலியும்தான்.

1889-ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, மேரிங் என்ற இரு மருத்துவர்கள் ஒரு நாயின் கணையத்தை அகற்றினார்கள். அதற்குக் கடுமையான நீரிழிவு வந்துவிட்டது. 1921-இல் கனடாவின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் இருவரும் அவ்வாறு கணையம் இழந்த நாய்களுக்குக் கணையச் சாற்றை ஊசி மூலம் செலுத்தினார்கள். இரத்தச் சர்க்கரை இறங்கியது. அந்தச் சாற்றில் இருந்த பொருளே இன்சுலின்.

பிற்காலத்தில், இன்சுலின் சுரக்கும் செல்களை ரசாயனத்தால் அழித்து, எலிகளின் கல்லீரலை ஆராய்ந்தார்கள்.

கல்லீரலை நம் வீட்டு நெற்குதிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வேலையாட்கள் நொதிகள், அதாவது என்சைம்கள். சர்க்கரையை உள்ளே சேர்க்கும் ஆள் குளுக்கோகைனேஸ். வெளியே அள்ளிவிடும் ஆள் குளுக்கோஸ்-6-பாஸ்படேஸ். இருவரையும் வேலை வாங்கும் எசமான் இன்சுலின். எசமான் இல்லாத எலியில் சேர்க்கிற ஆள் ஏறக்குறைய வேலைக்கே வருவதில்லை. அள்ளுகிற ஆளோ அளவுக்கு மீறி அள்ளுகிறான். போதாததற்கு, தசையின் புரதத்தைக் கரைத்தும் கல்லீரல் புதிதாகச் சர்க்கரை செய்கிறது. அதனால்தான் எலி தின்றும் மெலிந்தது. இன்சுலின் கொடுத்ததும் நொதிகள் பழைய ஒழுங்குக்குத் திரும்பின.

நம் உடம்பிலும் இன்சுலின் குறைந்தாலோ, சரியாக வேலை செய்யாவிட்டாலோ, இரவெல்லாம் கல்லீரலே இரத்தத்தில் சர்க்கரையைக் கொட்டும். ஆகவே உணவுக் கட்டுப்பாடு அவசியம். ஆனால் பட்டினி மருந்தாகாது.

நினைவில் வையுங்கள்:

1. "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று மாத்திரையையோ ஊசியையோ நீங்களாக நிறுத்தாதீர்கள்.

2. மருந்து எடுத்துக்கொண்டு பட்டினி கிடக்காதீர்கள். சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம்.

3. நீரிழிவுள்ள தாய் எலிகளின் குட்டிகளில் ஊனம் அதிகம் காணப்பட்டது. இன்சுலின் கொடுத்தபோது குறைந்தது. எனவே நீரிழிவுள்ள பெண்கள் சர்க்கரையைக் கட்டுப்படுத்திய பிறகே கருத்தரிப்பது நல்லது. கர்ப்பிணிகள் அனைவரும் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

கணவன்மார்களே, பரிசோதனைக்கு மனைவியை மட்டும் அனுப்பாமல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்களும் கூட வாருங்கள். உங்கள் இரத்தத்தையும் பார்த்துவிடலாம்.