மொட்டைக்கழுத்துக் கோழி: இனம் அழியாமல் பெருக்குவது எப்படி?

கழுத்தில் இறகே இல்லாத கோழியைச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். கழுத்தறுத்தான் கோழி என்றும் சிலர் சொல்வார்கள். "சீக்குக் கோழி மாதிரி இருக்கே" என்று விலையைக் குறைத்துக் கேட்பார்கள். அதனாலேயே வீட்டில் முதலில் குழம்புக்குப் போவதும் இதுதான். ஆனால் இது சீக்கு இல்லை, பிறவிக் குணம். நம்ம ஊர் வெயிலுக்கு ரொம்பப் பொருத்தமான குணம்.

கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இளைத்தும், இறகில்லாத தோல் வழியாகவும்தான் உடல் சூட்டை வெளியே தள்ளும். சூடு தாங்காவிட்டால் தீனி எடுப்பது குறையும், முட்டை குறையும், ஓடும் மெலியும். வெற்றுக் கழுத்து அந்தச் சூட்டைத் தணிக்கிறது. இறகு பெரும்பாலும் புரதம்தான். இறகு குறைந்தால் அந்தப் புரதம் கறியாகும். இதற்காகவே இஸத்நகர் மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையம் இந்தக் குணத்தைச் சேர்த்து 'ஹிட்காரி' என்ற புறக்கடைக் கோழியை உருவாக்கியது.

கழுத்தைப் பார்த்தே கணக்குப் போடலாம்

இந்தக் குணம் ஒரே ஒரு மரபணுவால் வருவது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் 'இரட்டை', ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் 'ஒற்றை' என்று வைத்துக்கொள்வோம்.

ஒற்றைக் கோழிக்கு, கழுத்தின் முன்பக்கம் கீழே ஒரு கொத்து இறகு இருக்கும், டை கட்டின மாதிரி. உடம்பில் இறகு 20 முதல் 30 விழுக்காடு வரை குறைவு. இரட்டைக்கு அந்தக் கொத்து இருக்காது, இருந்தாலும் நாலைந்து இறகுதான். மொத்த இறகில் சுமார் 40 விழுக்காடு குறைவு.

சேர்க்கைக் கணக்கு இதுதான்:

- இரட்டைச் சேவல் + சாதாப் பெட்டை: எல்லாக் குஞ்சும் ஒற்றை.
- ஒற்றைச் சேவல் + சாதாப் பெட்டை: பாதி ஒற்றை, பாதி சாதா.
- ஒற்றை + ஒற்றை: கால்பங்கு இரட்டை, பாதி ஒற்றை, கால்பங்கு சாதா.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சில குணங்கள் ஒரு தலைமுறை ஒளிந்திருந்து பேரன் பேத்தியில் எட்டிப் பார்க்கும். இது அப்படி ஒளிந்திருக்காது. கழுத்து நிறைய இறகுள்ள கோழியிடம் இந்த மரபணு கிடையாது. கடைசி மொட்டைக்கழுத்தை விற்றுவிட்டால், மிச்சமிருக்கும் கோழிகளை எத்தனை வருஷம் பெருக்கினாலும் அது திரும்ப வராது.

சேவல் தேர்வு

இரட்டைக் கருக்கள் முட்டையிலேயே சாவது சற்று அதிகம். அதனால் எல்லாவற்றையும் இரட்டையாக்க வேண்டாம். ஒரு இரட்டைச் சேவல், எட்டுப் பத்து நல்ல நாட்டுப் பெட்டை. இது போதும்.

சேவல் இரட்டைதானா என்று சந்தேகமா? சாதாப் பெட்டைகளோடு விட்டுப் பாருங்கள். ஒரு சாதாக் குஞ்சு பொரித்தாலும் அது ஒற்றைச் சேவல். பத்துக் குஞ்சும் மொட்டைக்கழுத்தாக வந்தால் நம்பலாம். பொரித்த அன்றே கழுத்தில் பஞ்சு இல்லாததைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

பழைய சேவலைப் பிரித்ததும் அடைக்கு முட்டை எடுக்காதீர்கள். அதன் உயிரணு பெட்டையின் உடலில் இரண்டு மூன்று வாரம்கூடத் தங்கும். மூன்று வாரம் கழித்து எடுங்கள்.

அடையும் குஞ்சும்

ஏழு நாளுக்கு மேற்படாத, விரிசலில்லாத முட்டையாகப் பொறுக்குங்கள். கழுவ வேண்டாம். கூர்முனை கீழே இருக்கும்படி நிழலான, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஒரு பெட்டைக்கு 10 முதல் 12 முட்டை போதும். மாலையில் அடை வைத்தால் கோழி அமைதியாக உட்காரும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்து, கரு கூடாததை எடுத்துவிடலாம். 21 நாளில் பொரிக்கும்.

பஞ்சு குறைவு என்பதால் இந்தக் குஞ்சுக்குக் குளிர் ஆகாது. தாய் இருந்தால் அது பார்த்துக்கொள்ளும். தாயில்லாமல் வளர்த்தால் பல்பு போட்டு முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வாருங்கள். மழையிலும் மார்கழிப் பனியிலும் சாரலடிக்காத பஞ்சாரம் அவசியம்.

வெயிலைத் தாங்கும் என்பதற்காக வெள்ளைக்கழிச்சலைத் தாங்கும் என்று நினைக்காதீர்கள். எல்லாக் கோழியையும் போல இதற்கும் முதல் வாரத்தில் சொட்டு மருந்தும் எட்டாவது வாரத்தில் தடுப்பூசியும் தவறக்கூடாது.

சேவலை மாற்றிக்கொள்ளுங்கள்

ஒரே சேவலை வைத்து அதன் பிள்ளைகளோடேயே சேர்த்தால் ரத்த உறவு நெருங்கி, பொரிப்பும் வளர்ச்சியும் குறையும். வருஷம் ஒருமுறை பக்கத்து ஊர் உழவரோடு சேவலை மாற்றிக்கொள்ளலாம். இரட்டைச் சேவல் கிடைக்காவிட்டால், உங்கள் ஒற்றைப் பெட்டையோடு அவர்களுடைய ஒற்றைச் சேவலைச் சேர்த்து, கொத்து இறகில்லாத சேவல் குஞ்சைப் பொறுக்கி வளர்த்துக்கொள்ளுங்கள். நாட்டு விதையை நாலு வீட்டில் வைப்பது போல இதையும் நாலு வீட்டில் வையுங்கள். ஒரு வீட்டில் கழிச்சல் வந்து போனாலும் இன்னொரு வீட்டில் இருக்கும்.

அடுத்தமுறை கோழி வியாபாரி வாசலுக்கு வந்தால், பிடித்துக் கொடுக்கும் முன் கழுத்தை ஒருதரம் பாருங்கள்.