அந்த நிலத்தை அப்படியே விட்டுவிடுவோம்

அன்புள்ள வாசகருக்கு,

பினாங்கு ஜாலான் சைனல் அபிடினில் உள்ள யூதர் இடுகாட்டுக்கு இனி யார் வரப்போகிறார்கள், அந்த நிலத்தை வேறு எதற்காவது கொடுத்தால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்கவே கூடாது என்பேன்.

பர்மா ரோட்டுக்கும் மெக்காலிஸ்டர் ரோட்டுக்கும் நடுவே உள்ள அந்தச் சாலைக்கு முன்பு யஹூடி ரோடு என்று பெயர். அந்தப் பெயர் போய்விட்டது, இடுகாடு இருக்கிறது. 1805-இல் தொடங்கியது என்கிறார்கள். இருப்பவற்றில் பழைய கல் 1835-இல் இறந்த ஷோஷன் லெவி என்ற பெண்மணியுடையது. நூற்றுச் சொச்சம் கல்லறைகள்; பெரும்பாலானவற்றின் மேல் முக்கோணக் கூரை போன்ற மூடி. பூசாரி மரபினரான கோஹன்களுக்குத் தனி மூலை. பிரிட்டிஷ் இந்தியப் படையின் ஜாட் ரெஜிமெண்ட் லெப்டினன்ட் ஒருவரும் அங்கே இருக்கிறார். 1941 அக்டோபரில் விபத்தில் இறந்தவர். அவருடைய கல்லறையை மட்டும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் கவனித்துக்கொள்கிறது.

இங்கே அடங்கியிருப்பவர்களில் பெரும்பாலோர் பாக்தாத் வழிவந்த வணிகர்கள். நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்திறங்கிய அதே துறைமுகத்தில்தான் அவர்களும் இறங்கினார்கள். அவர்களுடைய தொழுகைக்கூடம் 1929-இல் திறந்தது; அதுவும் நாகூர் ரோட்டில்! ஜப்பானியர் வந்தபோது பலர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார்கள். கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்களாவது வேண்டும். அந்தப் பத்துப் பேரும் சேராமல் 1976-இல் கூடம் மூடப்பட்டது. தீவின் கடைசி யூதர் என்று அறியப்பட்ட, ஈ அண்ட் ஓ ஹோட்டலில் மேலாளராக இருந்த டேவிட் மோர்டெக்காய் 2011-இல் காலமாகி இந்த இடுகாட்டில்தான் அடக்கமானார்.

சென்னை ஜார்ஜ் டவுனிலும் மின்ட் தெருவில் ஒரு யூதர் இடுகாடு இருந்தது. கற்கள் இடம் மாறி இப்போது லாயிட்ஸ் சாலையில் இருக்கின்றன. பினாங்கில் இன்னும் யாரையும் யாரும் பெயர்க்கவில்லை. அந்த நிலை நீடிக்க வேண்டும்.

பாலஸ்தீனத்தில் நடப்பதைப் பார்த்துக் கொதித்து எழுதியிருக்கிறீர்கள். அது நியாயமான கோபம், எனக்கும் உண்டு. ஆனால் ஷோஷன் லெவிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அந்த அம்மாள் பினாங்கில் இறந்தவர், பினாங்கு மண்ணில் கிடப்பவர்.

நாகூர் ரோட்டுப் பக்கம் வளர்ந்ததாகச் சொல்கிறீர்கள். தொழுகைக்கூடம் திறந்திருந்த காலத்தைப் பார்த்த பெரியவர்கள் உங்கள் குடும்பத்தில் இருப்பார்கள். யார் வந்து போனார்கள், வெள்ளிக்கிழமை மாலை அங்கே என்ன நடந்தது என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். தள்ளிப்போடாதீர்கள், அதை நேரில் கண்டவர்களுக்கு வயதாகிவிட்டது.

அன்புடன்,
ஆசிரியர்