வேலியோரச் செங்காந்தளைக் கலப்பில்லாமல் காக்க...

ஐப்பசி, கார்த்திகையில் மூலனூர், தாராபுரம் பக்கத்துக் கிளுவை வேலிகளில் செங்காந்தள் படர்ந்து பூத்திருக்கும். கண்வலிக் கிழங்கு என்று நாம் சொல்லும் இந்தக் கொடியின் பூதான் தமிழ்நாட்டின் மாநில மலர். இதன் ஆப்பிரிக்கச் சீமை வகைகளும் அழகுச் செடியாக விற்பனைக்கு வருகின்றன. இரண்டையும் ஒரே இனம் என்றே தாவரவியலார் பலர் கொள்கிறார்கள். ஆகவே மகரந்தம் மாறினால் கலப்பு விதை பிடிக்க வாய்ப்புண்டு. வீட்டில் தோட்டம் போடுபவர்களுக்குச் சில குறிப்புகள்:

1. நாட்டு வகையின் இதழ் குறுகலாக, ஓரம் நெளிநெளியாக இருக்கும். 'ரோத்ஸ்சில்டியானா' என்ற சீமை வகைக்கு இதழ் அகலம், நெளிவு குறைவு. அடர் சிவப்பில் மஞ்சள் ஓரம் இருக்கும். வாங்கும்போதே வகையைக் கேட்டுத் தொட்டியில் எழுதி வையுங்கள்.

2. கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலமோ வேலியோ பக்கத்தில் இருந்தால் சீமை வகை வேண்டாம். ஏற்கெனவே வைத்திருந்தால், பூ விரிந்த உடனே ஆறு மகரந்தப் பைகளையும் கத்தரித்துவிடுங்கள். வாடியதும் காய் பிடிக்க விடாமல் காம்போடு கிள்ளிவிடுங்கள்.

3. இந்தப் பூவின் சூல்தண்டு மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் வளைந்திருக்கும். அதனால்தான் மூலனூர்ப் பக்கத்து விவசாயிகள் கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள். நீங்களும் செய்யலாம். மெல்லிய பனியன் வேஸ்ட் துணியில் சிறு பை தைத்து, விரியப்போகும் மொட்டை மூடுங்கள். விரிந்ததும் இன்னொரு நாட்டுக் கொடியின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி, மறுபடி மூடுங்கள். இதழ் வாடியபின் பையை எடுத்துவிட்டுக் காம்பில் நூல் கட்டி வைத்தால், அந்தக் காயின் விதை கலப்பில்லாதது.

4. வேலியில் தானாக முளைத்த கொடியின் கிழங்கைத் தோண்டாதீர்கள். விதை போதும்; பூக்கச் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

5. கிழங்கு, விதை எல்லாவற்றிலும் கால்ச்சிசின் என்ற கடும் நஞ்சு உண்டு. கையுறை போட்டு வேலை செய்து, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் எட்டாமல் வையுங்கள்.

6. செங்காந்தளைப் போலவே அல்லியிலும் கவனம் வேண்டும். மாடித் தொட்டியில் மிஞ்சிய ஹைப்ரிட் அல்லிக் கிழங்குகளைக் குளத்தில் வீசாதீர்கள். அங்குள்ள நாட்டு அல்லியோடும் நீலாம்பலோடும் கலந்துவிடக்கூடும். 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த நஞ்சராயன் குளம் நம் திருப்பூரிலேயே இருக்கிறது. வேண்டாத கிழங்கை நன்றாக வெயிலில் காயவைத்து, பிறகு உரக்குழியில் போடுங்கள்.

7. விதைப்பந்தில் கடையில் வாங்கிய பூ விதைகளைச் சேர்க்காதீர்கள். உள்ளூரில் பொறுக்கிய ஆவாரை, கொன்றை விதை போதும்.

8. எல்லாச் செடிக்கும் பயப்பட வேண்டாம். ரோஜாவும் செவ்வந்தியும் தும்பையோடோ ஆவாரையோடோ கலக்காது. நெருங்கிய உறவுள்ள செடிகளே கலக்கும். ஆனால் கலக்காத செடியும் பரவிக் கெடுக்கும். பூவுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த உண்ணிச்செடிதான் இன்று காடுகளை அடைத்து நிற்கிறது.

கலப்பு விதை ஒருமுறை வேலியில் விழுந்து முளைத்துவிட்டால் பிரித்தெடுப்பது நடக்காத காரியம். தொட்டியில் இருக்கும்போதே தடுத்துவிடுங்கள்.