முட்டை யாருக்கு?

முதியோர் உணவு பற்றிய வாசகர் கேள்விகளுக்கு உணவியல் நிபுணரின் பதில்கள்

கேள்வி: ரேஷன் அரிசியைக் களையும்போது சில அரிசிகள் மிதக்கின்றன. பிளாஸ்டிக் அரிசி என்கிறார்கள். வயதான அத்தைக்குச் சமைத்துப் போடலாமா?
– வாசகி, விருத்தாசலம்

பதில்: தாராளமாக. அது இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த செறிவூட்டிய அரிசி. நூற்றுக்கு ஒன்று என்று கலக்கிறார்கள். பொறுக்கி எறிந்தால் அத்தைக்குப் போகவேண்டிய சத்தைத்தான் எறிகிறீர்கள்.

கேள்வி: மாமியாருக்கு 74 வயது. உடம்பு தேற டின் சத்துமாவு வாங்கச் சொல்கிறார்கள். விலை ஆயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். கடன் வாங்கியாவது வாங்கட்டுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம். அந்த ஆயிரத்தில் மாதம் முழுக்க நாளுக்கு இரண்டு முட்டை வாங்கலாம். மிச்சக் காசுக்குக் கடலையும் பொட்டுக்கடலையும் வரும். சாப்பாடு இறங்காத நோயாளிக்கு டின் தேவைப்படலாம். அதை மருத்துவர் எழுதித் தரட்டும், பக்கத்து வீட்டார் சொல்ல வேண்டாம்.

கேள்வி: எனக்கு 69 வயது, எடை 42 கிலோ. தனியாகப் பொங்கிச் சாப்பிடுகிறேன். முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய். பால், பழம், முட்டை சாப்பிடச் சொல்கிறார் டாக்டர். முட்டை வாங்கினாலும், பக்கத்துத் தெருவில் இருக்கும் பேரனுக்குக் கொடுத்துவிடுவேன். வயசான கட்டைக்கு எதற்கு?
– வாசகி, சங்கரன்கோவில்

பதில்: அம்மா, உங்கள் கடைசி வரியைத் தினமும் யாராவது ஒரு தாய் என்னிடம் சொல்கிறார். கேட்கக் கேட்கக் கோபம் வருகிறது. உங்கள் மேல் இல்லை. மிச்சம் மீதியே போதும் என்று உங்களைப் பழக்கிய வீடுகள் மேல்.

வயதானால் பசி குறையும், புரதத் தேவை குறையாது. சாப்பாடு பற்றாவிட்டால் தசை கரையும். தசை கரைந்தவர் ஒருநாள் தடுக்கி விழுவார், இடுப்பு எலும்பு முறியும், அப்புறம் படுக்கைதான். 2017-18இல் நாடு முழுக்க முதியோரிடம் எடுத்த ஆய்வில், 60 வயது தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேற்பட்டோர் எடை குறைவாக இருந்தார்கள். வசதி குறைந்த வீடுகளில் நிலைமை இன்னும் மோசம்.

மருத்துவர்களுக்கும் சொல்கிறேன்: ‘பால், பழம்’ என்று எழுதும் முன் கையில் எவ்வளவு காசு இருக்கிறது என்று கேளுங்கள். இந்த அம்மாவிடம் இருப்பது நாளுக்கு 40 ரூபாய்.

அந்தக் காசுக்குள் கணக்குப் போடுவோம். உங்கள் எடைக்கு நாளுக்கு 42 கிராம் புரதமாவது வேண்டும். கால் கிலோ அரிசிச் சோற்றில் 17 கிராம் வரும். 30 கிராம் துவரம்பருப்பில் 7, ஒரு கை வேர்க்கடலையில் 7, ஒரு முட்டையில் 6, கொஞ்சம் கொள்ளில் 5. சரியாகிவிட்டது. அரிசி இலவசம், பருப்பு ரேஷனில் கிலோ 30 ரூபாய். எல்லாம் சேர்த்து நாளுக்கு 15 ரூபாயை ஒட்டித்தான் ஆகும். பழத்துக்கு ஆப்பிள் தேட வேண்டாம். கொய்யா, பப்பாளி போதும். பல் இல்லையென்றால் கடலையை வறுத்துப் பொடித்துச் சோற்றில் பிசையுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைக்குக் காசு செலவழிக்காதீர்கள். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள்.

பேரன் அரசுப் பள்ளியில் படித்தால் சத்துணவில் வாரம் ஐந்து நாளும் முட்டை உண்டு. உங்களுக்கு அப்படிப் போட ஆளில்லை. வாங்கிய முட்டையை நீங்களே சாப்பிடுங்கள். உதவித்தொகைப் பணமும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: நான் துபாயில் இருக்கிறேன். அப்பா அண்ணா நகரில் தனியாக இருக்கிறார், வயது 76. பென்ஷன் நிறைய வருகிறது, நானும் பணம் அனுப்புகிறேன். அம்மா இறந்த பிறகு, ஆறு மாதத்தில் அப்பா 64 கிலோவிலிருந்து 58க்கு வந்துவிட்டார். ஏன்?
– வாசகர், துபாய்

பதில்: ஆறு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு எடை குறைந்தாலே கவனிக்க வேண்டும், உங்கள் அப்பா ஒன்பது பங்கு இழந்துவிட்டார். இந்த வாரமே மருத்துவரிடம் அனுப்புங்கள். ரத்தம், தைராய்டு, பல், மனச்சோர்வு எல்லாவற்றையும் பார்க்கட்டும்.

பயப்பட வேண்டாம், பலர் தேறிவிடுகிறார்கள். சமைத்துத் தந்த கை போய்விட்டது. டீயும் பிஸ்கட்டுமாக நாள் ஓடிக்கொண்டிருக்கலாம். சமைக்க ஆள் வையுங்கள். கூட உட்கார்ந்து சாப்பிட ஒரு உறவினரோ நண்பரோ வரட்டும். போனில் ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்டால் ‘ஆச்சு’ என்றுதான் சொல்வார். என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள்.