வண்டி சத்தம் போடுதா? காது கொடுங்க, கணக்குப் போடுங்க!



நம்ம பகுதியில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு வசூல் முடிந்து, கடன் கேட்பு பேசும் நேரம். ஒரு உறுப்பினர் எழுந்தாங்க.

"வண்டி எஞ்சின் போயிருச்சுங்க. எட்டாயிரம் வேணும். அவரு பால் ஊத்தப் போறதும் அதுலதான், நான் ஜவ்வரிசி மில்லுக்குப் போறதும் அதுலதான்."

"எத்தனை நாளா சத்தம் வந்துச்சு கண்ணு?" என்று ஊக்குநர் கேட்டாங்க.

"மூணு மாசமா கரகரன்னு கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சுங்க்கா. ஓடற வரைக்கும் ஓடட்டும்னு விட்டுட்டோம்."

குழு கடன் கொடுத்தது. ஆனால் அந்தச் சகோதரி அந்த மாதம் கேட்க நினைத்திருந்தது மகளின் காலேஜ் ஃபீசுக்கான கடன். மூன்று மாதம் முன்னாடி கவனித்திருந்தால் இரண்டாயிரத்தோடு முடிந்திருக்கும் என்றாராம் மெக்கானிக்.

அதனால்தான் இந்த மாதப் பாடம்: பழைய வண்டி சத்தம் போட்டால் எப்போது பழுது பார்ப்பது?

லாரிக்குப் பேர் போனது நம்ம நாமக்கல் மாவட்டம். ஆனாலும் எஞ்சின் என்றால் "அது ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று ஒதுங்கிவிடுகிறோம். வண்டி யாருடையதாக இருந்தாலும், கெட்டுப்போனால் கடன் கேட்டு வருவது நாம்தானே? கிரைண்டர் சத்தம் மாறினால் அடுப்படியில் இருந்தே கண்டுபிடிக்கிறோம். நாதஸ்வர மேதை நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் பேரோடு சேர்ந்த ஊர் இது. சுருதி தப்பினால் நமக்குத் தெரியாதா என்ன?

முதலில் ஆயிலைப் பாருங்க

சத்தம் கேட்டதும் எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். ஆயில் குறைந்தாலே உள்ளே இரும்போடு இரும்பு உரசும், சத்தம் வரும். வண்டியைச் சமதரையில் நிமிர்த்தி நிறுத்துங்க. கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்து ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்க. இரண்டு கோட்டுக்கு நடுவில் ஆயில் நிற்கணும். குச்சியைத் திருகிப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். மெக்கானிக்கிடம் ஒரு தரம் கேட்டுக்கோங்க.

டி.வி.எஸ். எக்ஸ்.எல். சூப்பர் மாதிரி பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றணும். மறந்து வெறும் பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். 2015-ல் வந்த எக்ஸ்.எல். 100 ஃபோர் ஸ்ட்ரோக். அதில் பெட்ரோலில் ஆயில் கலக்கக் கூடாது, எஞ்சின் ஆயில் தனி. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் பலர் குழம்புகிறார்கள்.

எந்தச் சத்தம் என்ன சொல்லுது?

ஆயில் சரியாக இருந்தும் சத்தம் வந்தால், அதை மூன்றாகப் பிரிக்கலாம்.

*1. இன்றைக்கே நிறுத்தணும்:* எஞ்சின் அடியில் இருந்து கனமாக "டக் டக்" என்று இடிக்கிற சத்தம், மேட்டில் ஏறும்போதும் பாரம் ஏற்றும்போதும் அதிகமானால், அது கனெக்டிங் ராடு அல்லது கிராங்க் பேரிங் தேய்மானமாக இருக்கலாம். நல்லா இருந்த வண்டியில் திடீரென்று பெரிய சத்தம் வந்தாலும் ஓட்டக் கூடாது. போகிற வழியில் எஞ்சின் இறுகினால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளைத் தள்ளிவிடும். பின்னால் பிள்ளை உட்கார்ந்திருந்தால்? தள்ளிக்கொண்டு போனாலும் பரவாயில்லை, ஓட்டாதீங்க.

*2. இந்த மாதத்துக்குள் பார்க்கணும்:* ஒரு பக்கமாக "கரகர" என்று சங்கிலி உரசுகிற சத்தம் வந்தால் டைமிங் செயின் தளர்ந்திருக்கும். இதை விட்டால் செயின் பல் தாண்டி, வால்வு போய் பிஸ்டனில் இடிக்கும். நம்ம சகோதரிக்கு நடந்தது இதுதான். சைலன்சரில் நீலப் புகையோடு சத்தமும் வந்து, ஆயிலும் அடிக்கடி குறைந்தால், ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் ரிங்கு, போர் தேய்ந்த அடையாளம். வேலை வைக்கும் வரை வாரம் ஒரு தரம் ஆயில் பாருங்க.

*3. சர்வீஸ் வரை பொறுக்கலாம்:* மேலே ஹெட் பக்கம் லேசான "டிக் டிக்" வந்தால் டாப்பெட். எஞ்சின் ஆறி இருக்கும்போது சரி பண்ணுகிற சின்ன வேலை. ஒரு எச்சரிக்கை: "சத்தமே வரக் கூடாது, நல்லா டைட் வைங்க" என்று சொல்லாதீங்க. ரொம்ப இறுக்கினால் சத்தம் அடங்கும், ஆனால் வால்வு கருகிவிடும். காலையில் மட்டும் கேட்டு, சூடானதும் அடங்குகிற சத்தத்தையும் கொஞ்ச நாள் கவனிக்கலாம். கூடிக்கொண்டே போனால் காட்டிவிடுங்க.

எஞ்சின் சத்தம் போல வந்து ஏமாற்றுவதும் உண்டு. வண்டி நகரும்போது மட்டும் "கடகட" என்றால் பின் சக்கரச் செயினாக இருக்கலாம். "பட் பட்" என்று காற்றுக் கசிந்தால் சைலன்சர் இணைப்பு. மேட்டில் பெரிய கியரில் பாரத்தோடு முக்கினால் வருகிற "கிணிங் கிணிங்" சத்தத்துக்கு, முதலில் கியரைக் குறைத்துப் பாருங்க.

கணக்குப் போடலாமா?

இது பழகுவதற்கான கணக்கு. உங்க ஊர் கூலி, உங்க மெக்கானிக் ரேட்டைப் போட்டுக்கோங்க.

முன்கூட்டியே பார்த்தால்: செயின் வேலை 2,000 ரூபாய். ஒரு நாள் கூலி இழப்பு 400. ஆக மொத்தம் 2,400.

கெட்ட பிறகு பார்த்தால்: எஞ்சின் வேலை 8,000. ஆறு நாள் கூலி 2,400. பால் கொண்டுபோக ஆறு நாள் வண்டி வாடகை, நாளுக்கு 100 வீதம் 600. ஆக மொத்தம் 11,000.

வித்தியாசம் 8,600 ரூபாய். கடன் வட்டி இதில் சேரவில்லை.

செலவு பண்ணலாமா, தள்ளிவிடலாமா?

வண்டி 15 ஆயிரம்தான் போகும், மெக்கானிக் 9 ஆயிரம் சொல்றாரு என்றால்? பாதி விலைக்கு மேல் போனாலே யோசிக்கணும். ஆனால் உடனே வேண்டாம் என்றும் முடிவு பண்ண வேண்டாம். சேசிஸ், பிரேக், சக்கரம் நன்றாக இருந்து இன்னும் இரண்டு வருஷம் ஓடும் என்றால், 9 ஆயிரத்தை 24 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 375 ரூபாய். புது வண்டிக்கு மாதத் தவணை எவ்வளவு என்று கேட்டு இதோடு ஒப்பிடுங்க. சேசிஸே துருப்பிடித்து, எஞ்சினும் போயிருந்தால் அதில் பணம் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணி ஊற்றுவதுதான்.

ஆர்.சி. புத்தகத்தையும் பாருங்க. பதிவு 15 வருஷம் வரை செல்லும். அப்புறம் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்கணும். 14 வருஷ வண்டி என்றால் அந்தச் செலவையும் சேர்த்துக்கோங்க. மலிவாகக் கிடைக்குதென்று வேறு பழைய எஞ்சினை மாட்டினால், எஞ்சின் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு பண்ணாமல் ஓட்டக் கூடாது. ரசீது இல்லாத எஞ்சினைத் தொடவே தொடாதீங்க, திருட்டு எஞ்சினாக இருந்தால் வழக்கு நம்ம தலையில்.

மெக்கானிக்கிடம் பேசும்போது

• என்ன வேலை, என்ன பொருள், என்ன கூலி என்று எழுதி வாங்குங்க.
• பிரித்த பிறகு கூடுதல் செலவு வந்தால், சொல்லிவிட்டுச் செய்யச் சொல்லுங்க.
• கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்குங்க.
• போர் வேலை செய்த வண்டியை முதல் 500 கிலோமீட்டர் மெதுவாக, அதிகப் பாரம் இல்லாமல் ஓட்டுங்க. பிறகு ஆயில் எப்போது மாற்றணும் என்று கேட்டுக்கோங்க.
• நாளையும் பார்த்து வேலை வைங்க. மஞ்சள் வெட்டு நேரத்தில், செவ்வாய்க்கிழமை ஏலத்துக்கு முந்தின நாள் வண்டியைப் பிரித்துப் போடாதீங்க. சீசனுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க.

2018-ல் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில், பாதி விலை அல்லது 25 ஆயிரம் வரை மானியம் பெற்று ஸ்கூட்டர் வாங்கிய சகோதரிகளே, அந்த வண்டிகளுக்கும் இப்போது வயசாகிறது. உங்களுக்கும் இந்தப் பாடம்தான்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்க

1. நம் குழுவில் எத்தனை வீட்டு வண்டியில் சத்தம் இருக்கிறது? அது எந்த வகை?
2. வண்டிக்கென்று மாதம் 100 ரூபாய் தனியாக எடுத்து வைக்க முடியுமா?
3. பழுதுக்குக் கடன் கேட்பவரிடம், எழுதி வாங்கிய செலவுக் கணக்கைக் கேட்கலாமா?

பேசி முடிவெடுத்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்க. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலை, அந்த ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்க!