ஒவ்வாமை ஊசிக்கு ஒரு கணினிப் பதிவேடு: சிறிய கிளினிக்குகளுக்கான முழுமையான வழிகாட்டி

1911இல் லண்டனில் லெனார்ட் நூன் புல் மகரந்தச் சாற்றை ஊசியாகப் போட்டுப் பார்த்தார். அன்று தொடங்கிய சிகிச்சையின் சாரம் இன்னும் மாறவில்லை. எது ஒத்துக்கொள்ளவில்லையோ, அதையே துளித்துளியாகக் கொடுத்து உடம்பைப் பழக்குகிறோம். தொடக்கத்தில் வாரம் ஒன்றிரண்டு ஊசி. சில மாதங்களில் முழு அளவை எட்டியதும் மாதம் ஒன்று, அதுவும் 3 முதல் 5 ஆண்டுகள். யாருக்கு எந்தக் குப்பி, போன ஊசி என்றைக்கு என்பதையெல்லாம் இத்தனை வருடம் ஒரு நோட்டுப் புத்தகம் தாங்குமா?

முதல் படி: மென்பொருள் வாங்காதீர்கள்

ஆமாம், இப்போதைக்கு வேண்டாம். நோயாளி பெயர், பிறந்த தேதி, குப்பி, அளவு, எந்தக் கை, வீக்கம் வந்ததா, அடுத்த தேதி என்று கூகுள் ஷீட்டில் ஒரு அட்டவணை போடுங்கள். பத்து நோயாளிகளை மட்டும் ஒரு மாதம் அதில் பதிந்து பாருங்கள். உங்களுக்கு எது தேவை என்பது அப்போதுதான் தெரியும். விற்பனையாளர் சொல்லித் தெரியாது.

இரண்டாம் படி: குப்பிக்கு அடையாளம்

இந்தச் சிகிச்சையில் அஞ்ச வேண்டிய பிழை, ஒருவரின் மருந்தை இன்னொருவருக்குப் போடுவது. அதற்கு அடுத்தது செறிவு மாறிப்போவது. அமெரிக்க வழிகாட்டுதலில் முழுச் செறிவுக் குப்பிக்குச் சிவப்பு மூடி. பத்து மடங்கு நீர்த்ததற்கு மஞ்சள், நூறு மடங்குக்கு நீலம், ஆயிரம் மடங்குக்குப் பச்சை. இந்த நிறங்களை அட்டவணையிலும் கொண்டுவாருங்கள். குப்பியில் பார்கோடு ஒட்டுங்கள். அதோடு குப்பியை நோயாளியிடமே காட்டி, பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு லட்சுமிகள் ஒரே நாளில் வருகிற ஊர் நம்முடையது.

மூன்றாம் படி: தவறிய தேதி

திருவிழா, பரீட்சை, காய்ச்சல் என்று ஊசி தள்ளிப்போகும். இடைவெளி நீண்டால் பழைய அளவை அப்படியே போடக் கூடாது, குறைக்க வேண்டும். எத்தனை நாளுக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். தேதி தாண்டியதும் பெயர் சிவப்பாக மாறினால் போதும். அளவைத் தானே தீர்மானிக்கும் மென்பொருளை நான் நம்ப மாட்டேன்.

நான்காம் படி: ஊசிக்கு முன்னும் பின்னும்

டேப்லெட்டில் நான்கு கேள்விகள்: இளைப்பு இருக்கிறதா, காய்ச்சலா, போன முறை வீங்கியதா, புதிதாக பிரஷர் மாத்திரை தொடங்கினீர்களா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பிரஷருக்குக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள், அவசர நேரத்தில் போடும் அட்ரினலினைச் சரியாக வேலை செய்ய விடாமல் தடுக்கலாம். ஊசி போட்டதும் 30 நிமிட டைமர் ஓடட்டும், ஏனென்றால் கடுமையான எதிர்வினைகள் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். அட்ரினலின் காலாவதியாகும் தேதிக்கும் ஒரு நினைவூட்டல் வையுங்கள். மருந்து இருக்கும் ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அலைபேசிக்கு எச்சரிக்கை வர வேண்டும். கரண்ட் போகிற ஊரில் இது ஆடம்பரமல்ல.

ஐந்தாம் படி: வீட்டில்

ஊசிக்குப் பதிலாக நாக்கடியில் வைக்கும் மருந்து என்றால், முதல் வேளை கிளினிக்கில், மற்றவை வீட்டில். அங்கே மறதிதான் எதிரி. தினம் ஒரு வாட்ஸ்அப் நினைவூட்டலும் தும்மலுக்கு மதிப்பெண் போடும் ஒரு சின்னப் படிவமும் போதும்.

கடைசியாக ஒன்று: நோயாளியின் விவரங்களை ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் படமெடுத்துப் போடாதீர்கள். தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023இல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே நிறைவேற்றியிருக்கிறது.