மலையில் எடுத்த மில்லி ஓம்

அன்புள்ள தம்பிக்கு,

புது டெஸ்டரோடு ஏற்காட்டுத் தோட்ட பங்களாக்களுக்கு இன்வெர்ட்டர் பேட்டரி பார்க்கப் போகிறாயாமே, நல்லது. மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் பார்த்துவிட்டு "பேட்டரி பிரமாதம்" என்று சான்று தருபவர்கள்தான் நம் தொழிலில் அதிகம். ஃபேன் போட்டதும் படுத்துவிடுகிற பேட்டரியும் சும்மா இருக்கையில் 12.6 காட்டும்.

ப்ளஸ் டூவில் படித்த அகமின்தடைதான் சங்கதி. 20 ஆம்பியர் இழுக்கும்போது 12.6 வோல்ட் 12.4 ஆனால், 0.2-ஐ 20-ஆல் வகு: 10 மில்லி ஓம். அதிலேயே 60 ஆம்பியர் இழுத்தால் 0.6 வோல்ட் உள்ளேயே தொலையும். 36 வாட் வெறும் சூடாகும். 1,000 ஹெர்ட்ஸில் அளக்கும் டெஸ்டர் இதைவிடக் குறைவாகவே காட்டும். இரண்டு முறையையும் கலந்து ஒப்பிடாதே. முள்ளைக் கிளாம்பில் வைக்காமல் ஈய டெர்மினலிலேயே வை. இல்லாவிட்டால் அங்கே பூத்த உப்பின் தடையும் பேட்டரி கணக்கில் ஏறும்.

இனி மலைக்கு வருகிறேன். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறினால் சுமார் 1,500 மீட்டர் உயரம். மார்கழி விடியலில் 15 டிகிரி அங்கே சாதாரணம்; நம் நாட்டில் பேட்டரிக் கணக்கோ 27 டிகிரிக்கு. குளிரில் மில்லி ஓம் ஏறும், நல்ல பேட்டரியும் நோஞ்சானாகத் தெரியும். ஹைட்ரோமீட்டர் நேர் எதிர்: குளிர்ந்த ஆசிட் அடர்த்தி கூடி, டிகிரிக்கு 0.0007 வீதம் அதிகம் காட்டும். 15 டிகிரியில் 1.240 என்று நிற்பது, 27-க்குத் திருத்தினால் 1.232தான். ஒன்று பழிக்கும், மற்றது புகழும். அதனால் பேட்டரி உடம்பின் சூட்டை முதலில் குறித்துக்கொள். அறையின் சூடு போதாது.

சீசன் முடிந்ததும் மெயினை அணைத்துப் பூட்டிவிட்டுப் போகும் வீடுகள் அங்கே உண்டு. இன்வெர்ட்டர் ஆனிலேயே இருந்தால் பேட்டரியைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குடித்துத் தீர்க்கும். தகட்டில் சல்பேட் கெட்டிப்படும். அப்படிப்பட்டதை வந்த வேகத்தில் அளந்து தீர்ப்புச் சொல்லாதே. முழுதாகச் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஆறவிட்டு அளந்து பார்.

புது பேட்டரி மாட்டும் அன்றே அளவையும் சூட்டையும் தேதியோடு பெட்டியின் பக்கவாட்டில் எழுதிவிடு. கம்பெனி அட்டவணையைவிட எனக்கு அந்தக் கிறுக்கல் மேல். பின்னால் மில்லி ஓம் ஒன்றரை மடங்கானால் சந்தேகப்படலாம். மாற்றச் சொல்லுமுன் லோடு கொடுத்துப் பார்க்கத்தான் வேண்டும். 150 ஏ.ஹெச். பேட்டரிக்கு 7.5 ஆம்பியரில், 10.5 வோல்ட் வரும்வரை, 20 மணி நேரம். வீட்டுக்காரர் முணுமுணுப்பார், காலையில் மாட்டிவிட்டு மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அண்ணன்